மச்சான் பேசாத படகு

எங்க வீட்டுக்காரருக்கு சங்கு குளிக்கிற தொழில். விடிஞ்சும் விடியாமலும் தூத்துக்குடியில இருந்து படகு கிளம்பும். கடலுக்கு அடியில இறங்கி, மணலுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கிற சங்கைத் தடவித் தடவி எடுப்பாரு. படகுல ஒரு கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருக்கும். அதுல இருந்து ஒரு நீளமான ரப்பர் குழாய் அவரு வாய் வரைக்கும் போகும். அதுல வாற காத்துதான் கீழ அவருக்கு மூச்சு. மேல ஒரு ஆளு அந்தக் குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டே இருக்கணும். கீழேருந்து ஒரு இழுப்பு வந்தா குழாயைத் தளத்தி இன்னும் கொஞ்சம் விடணும், ரெண்டு வந்தா தூக்கணும். இன்ஜின் சத்தம் மாறுதா, குமிழி சீரா வருதான்னு கவனிக்கணும். வேலை அம்புட்டுதான். ஆனா அந்த ஆளு கொஞ்சம் அசந்தா கீழ இருக்கிறவன் கதை முடிஞ்சுது.

அதனால அந்தக் குழாயை மச்சான்தான் பிடிக்கணும், பொண்டாட்டிகூடப் பிறந்தவன். முத்துக்குளிச்ச காலத்துல இருந்து எங்க ஆளுக வழக்கம் இதுதான். அப்ப கயிறு, இப்ப குழாய். கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்குள்ள பங்காளிச் சண்டை வரும், கூட்டாளிக்குப் பேராசை வரும். தன் தங்கச்சி தாலியறுக்கணும்னு எந்த மச்சான் நினைப்பான்? எங்க வீட்டுக்காரரு குழாயைப் பிடிக்கிறது எங்க அண்ணன். எனக்குக் கல்யாணமான மறுவாரம் பிடிச்ச குழாய், அறுபதை நெருங்குத வயசு வரைக்கும் விடல.

மச்சானும் மாப்ளையும் சும்மா இருப்பாங்களா? கேலி பேசாத மச்சான் எங்க ஊருல கோவக்கார மச்சான். மூக்கையும் சேத்து மூடுற கண்ணாடியை மாட்டிக்கிட்டு, குழாயை வாயில வைக்கிறதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரரு தெனமும் ஒரே கேள்வி கேப்பாரு. "மேல வந்ததும் உம்ம தங்கச்சியைத் திருப்பி எடுத்துக்கிடுவீரா மச்சான்?" அண்ணனும் தெனமும் ஒரே பதில்தான் சொல்லுவான். "வித்த சரக்கு திருப்பி எடுக்கப்பட மாட்டாது மாப்ள." ஜவுளிக்கடையில போர்டு மாட்டியிருப்பாங்களே, அதே வாசகம். படகே சிரிக்கும். ரெண்டு பிள்ளைகளைப் பெத்து, அதுகளையும் கட்டிக் கொடுத்தாச்சு, இன்னும் அந்தக் கேலி நிக்கல. எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். நான் என்ன சேலையா, சாயம் போகுதுன்னு திருப்பிக் கொடுக்க? ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, அண்ணன் எங்க வீட்லதான் மத்தியானம் சாப்பிடுவான். சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டும் ரெண்டு பேரும் இதையே பேசுவாங்க. குழம்புக் கரண்டியோட போயி நிப்பேன். உடனே வேற பேச்சுக்குத் தாவிருவாங்க, கள்ளனுக.

அண்ணன் ஒரு வேலையில உக்காந்துட்டான்னா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். தூண்டி நரம்புல சிக்கெடுத்துக்கிட்டு இருப்பான், அம்மா மூணு தடவை சாப்பிடக் கூப்பிடுவா, காதுல ஏறாது. கடைசியில தட்டைக் கொண்டுபோயி மடியில வைப்பா. அப்படிப்பட்ட ஆளு கொஞ்ச காலமா மாறிட்டான். டிவியில செய்தி ஓடும், அதைப் பாத்துக்கிட்டே குசினிக்குள்ள நான் முனங்குறதுக்குப் பதில் சொல்லுவான். தெருவுல பைக் போனா யாருடான்னு எட்டிப் பாப்பான். பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? அண்ணன் இப்பத்தான் மனுசரோட மனுசனாப் பழகுதான்னு மாதா கெபியில மெழுகுதிரி ஏத்திட்டு வந்தேன். என் புத்தியை என்னன்னு சொல்ல.

நான் இங்கன ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன். வாற ஆளுகளை உக்கார வச்சு, முறைப்படி உள்ள அனுப்புறது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் மகன் அங்கன வந்து நிக்கான். வளைகுடாவுல இருந்துட்டு வந்தவன், முப்பது தாண்டுன ஆம்பளை, அதே படகுலதான் கம்ப்ரசரைப் பாத்துக்கிடுதான். "அத்தை, கொஞ்சம் வெளிய வாங்க"ன்னு கூப்பிட்டவன் முகத்தைப் பாத்ததுமே போனைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சேன்.

முந்தின நாள் காலையில நடந்ததைச் சொன்னான். கீழ குழாய் ஒரு கல்லுல மாட்டியிருக்கு. மாமா தளத்தச் சொல்லி இழுத்திருக்காரு. அப்பா தளத்தல. மறுபடியும் இழுத்திருக்காரு. குழாய் விறைச்சு நிக்கிறதை இன்ஜின் பக்கத்துல இருந்து இவன் பாத்து, ஓடிப்போயி அப்பா கையில இருந்து பிடுங்கித் தளத்தியிருக்கான். மாமா மேல வந்தப்ப கண்ணாடிக்குள்ள மூக்குல இருந்து ரத்தம். அதைத் துடைச்சுக்கிட்டு, கல்லு ரொம்பக் கெட்டியாப் பிடிச்சிட்டுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாராம். அப்பாவைக் குத்தமா ஒரு சொல்லு சொல்லலையாம். எனக்கு அன்னைக்கு ராத்திரி சொன்ன கதை, சளி, அதான் மூக்குல ரத்தம்னு.

அண்ணன் தூங்கிட்டானான்னு கேட்டேன். இல்லைங்கான். "நல்லா முழிச்சுத்தான் இருந்தாரு அத்தை. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அதான் பிரச்சினை."

வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சேன். நான் கத்துன கத்துல எதிர்வீட்டு நாய் எந்திரிச்சுப் போயிட்டு. அவரு மொதல்ல மழுப்புனாரு, பெறவு ஒத்துக்கிட்டாரு. கொஞ்ச நாளாவே மச்சான் கை முன்ன மாதிரி இல்லைன்னாரு. அப்ப வேற ஆளை வையுங்கன்னேன். அதுக்கு அவரு சொன்னது இன்னும் என் காதுலயே நிக்கி. "அவரு கையில இருந்து குழாயை வாங்குனா, நாளைக்கு இந்தக் கடக்கரையில அவரு தலை நிமிந்து நடக்க முடியுமாளா? அதுக்கு நான் கீழயே கிடந்துரலாம்." இந்த மனுசனை என்ன செய்ய? திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல. அடுப்புப் பக்கம் போயி அழுதேன்.

அவரு செஞ்சிருந்த ஏற்பாடு வேற ஒண்ணு. அண்ணன் அசந்துறக் கூடாதுன்னு, தான் கீழ இறங்குனதும் மச்சான்கிட்டப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்கடான்னு படகுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தாரு. ராத்திரி லாரி ஓட்டுறவன்கிட்டப் பேசுற மாதிரி. அண்ணன் மகனும் தேர்தல், கிரிக்கெட், மாதா கோயில் கொடியேத்துன்னு விடாமப் பேசியிருக்கான். பேசப் பேச அண்ணன் கை இன்னும் மோசமாயிட்டுன்னான். எனக்கு ஒண்ணும் விளங்கல.

அண்ணனுக்கு அடிக்கடி தலைவலி உண்டு. அதைச் சாக்கா வச்சு எங்க சென்டருக்குக் கூட்டிட்டு வந்தேன். உள்ளூர எனக்கு ஒரே பயம். கட்டியா இருக்குமோ, அடைப்பா இருக்குமோன்னு மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் பாத்த வேலையைச் சொன்னாச் சிரிப்பீங்க. ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் வாட்ச்மேன் தன் மருமகன் கதை, கண்ணு அண்ணன் போன அறைக் கதவுல. முட்டுவலிக்கு வந்த பெரியவரைத் தலைக்குப் படமெடுக்க அனுப்பிட்டேன். அவரும் நல்ல மனுசன், டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு படுத்துட்டாரு. உள்ள இருந்த பொண்ணு கண்டுபிடிச்சதால தப்பிச்சேன். நாலு சத்தத்துக்கு நடுவுல அம்பது தாண்டுன எனக்கே இந்தக் கதின்னு அப்பத்தான் உறைச்சுது.

படத்தைப் பாத்த டாக்டரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். கட்டி, அடைப்பு ஒண்ணுமில்ல, வயசுக்கேத்த மூளை, நல்லாருக்குன்னு சொன்னாங்க. காதையும் சோதிச்சுட்டாங்க, அதுவும் பழுதில்ல. நல்லாருந்தா ஏன் இப்படின்னு நான் விடல. அண்ணனை வெளிய உக்கார வச்சுட்டு நடந்ததைச் சொன்னேன். அவங்க என்னைப் பக்கத்துல உக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னாங்க. மூளையில ஒவ்வொரு வேலைக்கும் பல இடங்க ஒண்ணோட ஒண்ணு தொடர்பு வச்சு, கூட்டுச் சேந்து வேலை செய்யுமாம். ஒரு காரியத்தை உத்துக் கவனிக்கிறதுக்கு ஒரு கூட்டம். சும்மா இருக்கையில பழசை நினைக்கிறது, மனசு அலையுறது, அதுக்கு இன்னொரு கூட்டம். இள வயசுல இது எழும்புனா அது அடங்கிரும். வயசு ஏற ஏற ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கிற பிடிப்புக் கொஞ்சம் தளந்து, ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வரப்பும் கரைஞ்சிருமாம். அது எழும்பும்போது இதுவும் எழும்பும். வேண்டாத சத்தத்தை வெளிய நிப்பாட்டுறது கஷ்டமாயிரும். இது நோயில்ல அக்கா, எல்லாருக்கும் வாறது, ஆளுக்கு ஆள் முன்னப்பின்ன இருக்கும், இந்தப் படத்துல அந்தத் தொடர்பெல்லாம் தெரியாது, பொதுவாத்தான் சொல்லுதேன்னாங்க.

அதாவது மாமியாக்காரி பேசையில மருமக வாயைப் பொத்திக்கிட்டு இருந்த வீடு, இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுதாங்க, அப்படித்தானன்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டு, கிட்டத்தட்ட அதுதான்னாங்க. இதுக்கு மருந்து மாத்திரை கிடையாதாம். நல்லாத் தூங்கணும், சர்க்கரையைப் பாத்துக்கிடணும். முக்கியமா அவரு வேலை பாக்கையில சுத்திப் பேச்சுச் சத்தம் இருக்கக் கூடாதுன்னாங்க. எனக்குத் தலையில அடிச்சுக்கிடலாம் போல இருந்துச்சு. இவனுக பேசிப் பேசித்தான் அவனைக் கெடுத்திருக்கானுக.

வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டேன். படகு கிளம்புனா கரைக்கு வாற வரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது, பாட்டு கிடையாது, போன் கிடையாது. அண்ணனுக்கு மட்டும் காரணம் தெரியக் கூடாது, தெரிஞ்சா மனசு உடைஞ்சிருவான்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பெரிய கெட்டிக்காரின்னு எனக்கு நினைப்பு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் பெரிய தண்டனை. வாயில வாற கேலியை முழுங்கி முழுங்கி மனுசன் இளைச்சே போனாரு. கண்ணாடி மாட்டுனதும் கேக்குற அந்தக் கேள்வியும் நின்னு போச்சு. விட்டுது சனியன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

கையில முன்னேத்தம் தெரியுதுன்னு அண்ணன் மகன் சொன்னான். ஆனா அப்பா முகம் நல்லாயில்ல அத்தைன்னும் சொன்னான். ஊருலயும் பேச்சுக் கிளம்பிட்டு. மச்சானும் மாப்ளையும் படகுல பேசிக்கிடுறதில்லையாம், ஏதோ பெரிய வில்லங்கமாம். கோயில்ல ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை கொடுத்த விருந்துல ஒருத்தி என் காதுக்குள்ள வந்து, சொத்துத் தகராறான்னு கேட்டா. எங்ககிட்ட என்ன சொத்து இருக்கு தகராறு பண்ண? ஒரு நாள் சாயங்காலம் உறவுல பெரியவங்க ரெண்டு பேரு மக்ரூன் பொட்டலத்தோட சமாதானம் பேச வந்துட்டாங்க. சண்டையே இல்லைன்னு நான் சொல்லச் சொல்ல அவங்களுக்குச் சந்தேகம் பெருத்துக்கிட்டே போகுது. சரி, சமாதானமாப் போறோம்னு சொல்லித்தான் அனுப்பி வச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் சாப்பிட வரல. அதுக்கடுத்த வாரமும் காணோம். மூணாவது வாரம் வந்தான். எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்கிற நேரமாப் பாத்து வந்தான். குசினி வாசல்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். தட்டு வச்சேன், கையை நனைக்கல.

"உன் வீட்டுக்காரருக்கு எம்மேல கோவம் ஏளா. நியாயமான கோவம்தான். நான் இனிமே குழாய் பிடிக்கல"ன்னான்.

கோவமெல்லாம் இல்லண்ணே, நாந்தான் பேசக் கூடாதுன்னு சொன்னேன்னு ஆரம்பிச்சு, ஸ்கேன், டாக்டரம்மா, மாமியா மருமக, எல்லாத்தையும் கொட்டிட்டேன். கத்துவான்னு நினைச்சேன். கத்தல. என் கை முன்ன மாதிரி இல்லைங்கிறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சன்னு கேட்டான். பெறவு மெதுவாச் சொன்னான்.

"அன்னைக்கு இழுப்பு என் கைக்கு வந்துச்சு. வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். அடுத்த படகுப் பாட்டு, இவனுக பேச்சு, மேல பறந்த காக்கா, இதெல்லாம் வந்த மாதிரி அதுவும் வந்துச்சு. முன்னால அப்படியில்ல. முன்னால அது மட்டும்தான் வரும்."

அவனே மறுபடியும் பேசுனான். அந்தக் கேள்வியைக் கேட்டாருன்னா அதோட தன் மனசு மத்த எல்லாத்தையும் விட்டுட்டுக் குழாயில வந்து நின்னுருமாம். அதையும் நிப்பாட்டுன பெறவு தெனமும் பயந்து பயந்துதான் பிடிச்சானாம். அந்தக் கேலியவா சொல்லுதன்னு கேட்டேன்.

"கேலியா? உன்னைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு நான் என்ன விளையாட்டுக்கா சொன்னேன்? உன்னைத் திருப்பி எடுத்துரக் கூடாதுன்னுதான இத்தனை வருசமும் பிடிச்சேன்."

எங்க ஆளுகள்ல கட்டிக் கொடுத்த பொண்ணு எப்ப அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வருவா? புருசனைக் கடல் எடுத்துக்கிட்டா வருவா. நான் என்னைச் சரக்குன்னு சொல்லுதாங்கன்னு காலமெல்லாம் கரண்டியைத் தூக்கிக்கிட்டு நின்னேன். அந்த ரெண்டு பேரும் தெனமும் காலையில எதைப் பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அண்ணன் முன்னால உக்காந்து ஓன்னு அழுதேன். அவன் என் தலையில கை வச்சான்.

மறுநாளே டாக்டரம்மாகிட்டப் போயி, அந்தக் கேள்வியை மறுபடியும் கேக்கச் சொல்லட்டா, மத்த நேரம் அமைதியா இருந்தா அண்ணனே பிடிக்கலாமான்னு கெஞ்சுன மாதிரி கேட்டேன். பழக்கமான ஒரு சொல்லு மனசை ஒருமுகப்படுத்த உதவும் அக்கா, ஆனா உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. அதை அப்படியே அண்ணன்கிட்டச் சொன்னேன். உதவும்ங்கிறது பத்தாதுளா, இது உன் தாலின்னுட்டான். குழாய் தன் மகன் கைக்குப் போகட்டும்னான். அவன் எங்க வீட்டுக்காரருக்கு மருமகன் முறை, மாமாகிட்டக் கேலி பேச மாட்டான், படகு தன்னால அமைதியா இருக்கும்னு சொல்லிச் சிரிக்கவும் செஞ்சான். அந்தச் சிரிப்பைப் பாக்க எனக்குத் தாங்கல.

எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிடவே மாட்டேன்னுட்டாரு. நீரு பிடிக்கலன்னா நான் இறங்கலன்னு ஒரு வாரம் கடலுக்குப் போகாம வீட்லயே கிடந்தாரு. அண்ணன் தெனமும் வந்து பேசுனான். பேசாம இருந்த மாசத்துக்கெல்லாம் சேத்து ரெண்டு பேரும் பேசித் தீத்தாங்க. சண்டையா, கொஞ்சலான்னு எனக்கு வெளங்கல, டீ போட்டுப் போட்டு என் கை ஓஞ்சுது. கடைசியில அண்ணன்தான் ஜெயிச்சான்.

மகன் குழாய் பிடிக்கிற முதல் நாள் காலையில அண்ணன் கரைக்கு வந்தான். நானும் போனேன். எப்பவும் போக மாட்டேன், அன்னைக்கு வீட்ல இருக்க முடியல. அண்ணன் படகுல ஏறி, குழாயைச் சுருட்டி மகன் கையில கொடுத்து, நெத்தியில சிலுவை போட்டுட்டு இறங்கிட்டான். இறங்கி என் பக்கத்துல வந்து நின்னான். கை ரெண்டையும் எங்க வைக்கன்னு தெரியாம வேட்டியில தொடைச்சுக்கிட்டே இருந்தான். படகு நகந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பின்னால எந்திரிச்சு நின்னு, பக்கத்துப் படகுக்காரனுக எல்லாம் கேக்குற மாதிரி சத்தம் போட்டுக் கேட்டாரு.

"மச்சான்! மேல வந்ததும் உம்ம தங்கச்சியைத் திருப்பி எடுத்துக்கிடுவீரா?"

அண்ணன் வாயைத் திறந்தான், சத்தம் வரல. படகுல எல்லாரும் அவனையே பாக்காங்க. அவன் என் கையைப் பிடிச்சான். மணிக்கட்டுல ரெண்டு விரலை அழுத்தி, குழாயைப் பிடிக்கிற பிடி.

நான் கத்துனேன். "வித்த சரக்கு திருப்பி எடுக்கப்பட மாட்டாது!"

கரையே சிரிச்சுது. எங்க வீட்டுக்காரரு கையைத் தூக்கிக் காட்டிட்டு உக்காந்தாரு. படகு அலைக்குத் தடுப்பாப் போட்ட கல்லுக்கரையைத் தாண்டிச்சு. பின்னால ஐஸ் உடைக்கிற சத்தம், மீன் வண்டி ஹாரன், யாரோ ஒருத்தர் அண்ணனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. அண்ணன் திரும்பல. கண்ணு படகு மேலயே இருந்துச்சு. பிடி இறுகிக்கிட்டே போயி எனக்குக் கை வலிச்சுது. நான் கையை எடுக்கல.